எலுமிச்சைச் சொறி: ஆரஞ்சு வேரில் ஒட்டுக் கட்டினால் நிற்குமா?

அடிவாரத்தான்

வணக்கம். புளியங்குடிக்கு மேற்கே எலுமிச்சை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்தால் சொறியும் பிடித்துவிடுகிறது. காயெல்லாம் தடிப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். நகத்தால் சுரண்டினால் பொருக்கு உதிர்கிறது. சாறு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கமிஷன் கடையில் அந்தக் காயைத் தனியாகக் கொட்டிப் பாதி விலைகூடப் போடுவதில்லை.

சிறுமலையில் மச்சான் வீட்டுக் கமலா ஆரஞ்சு மரத்தில் ஒரு புள்ளி இல்லை. ஒரு நர்சரிக்காரர், "ஆரஞ்சு வேரில் கட்டிய எலுமிச்சை ஒட்டு தருகிறேன், சொறி எட்டிப் பார்க்காது" என்கிறார். மூன்று மடங்கு விலை. வாங்கலாமா? என் தோட்டத்திலேயே கிணற்றடி மரத்துக்குச் சொறி குறைவு. அதில் விதை எடுத்தால் தேறுமா?

ஒட்டுக்கத்தி

அண்ணாச்சி, பணத்தை மடியிலேயே வையுங்கள். வேரழுகல், பிசின் வடிதல் மாதிரி மண்ணிலிருந்து ஏறும் நோய்க்கு வேர்ச்செடி, அதாவது ஒட்டின் அடிச்செடி, கைகொடுக்கும். சொறி மழைச்சாரலில் தெறித்து இளந்துளிரிலும் பிஞ்சிலும் இறங்குவது. கீழே எந்த வேர் இருந்தால் என்ன, மேலே இருப்பது எலுமிச்சை இலைதானே! நானும் ஒட்டுக் கட்டி விற்கிறவன்தான், இப்படிச் சொல்லி விற்க எனக்கு வாய் வராது.

கிணற்றடி மரத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

தோட்டக்கலை மாணவி

அண்ணா சொன்னது சரி. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா, இலைத்துளை வழியாகவோ இலைத் துளைப்பான் புழு போட்ட வெள்ளிக்கோடு வழியாகவோ நுழைகிறது. நுழைந்ததும் பிடிஎச்ஏ4 என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அது மரத்தின் சொந்த மரபணுவான எல்ஓபி1-ஐ முடுக்கிவிடுகிறது. செல்கள் பெருத்து, தோல் வெடித்து, பாக்டீரியா வெளியே கசிகிறது. நீங்கள் சுரண்டிய பொருக்கு அந்த வெடிப்புதான். இவ்வளவும் இலைச் செல்லுக்குள் நடப்பதால் வேரை மாற்றிப் பயனில்லை.

கமலாவுக்கும் சொறி வரும், ஆனால் லேசாக. கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு மாதிரிப் பழமரத்தில் பாக்டீரியா நுழைந்த இடத்துச் செல்கள் சட்டென்று செத்துப்போவதால் மேலே பரவ முடிவதில்லை. புளோரிடாவில் டங்கன் என்ற கிரேப்ஃப்ரூட் (பம்ப்ளிமாஸ் மாதிரிப் பழம்) ரகத்திலும் சீனாவில் ஓர் ஆரஞ்சு ரகத்திலும் எல்ஓபி1-ஐ கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் திருத்திச் சொறியைக் குறைத்துக் காட்டினார்கள். ஆய்வுகள் 2017-இல் வந்தன. நம் நாட்டில் மரபணு திருத்திய பயிர்களில் சில வகைகளுக்கு 2022-இல் விதி தளர்ந்தது, 2025-இல் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. எலுமிச்சை அந்த வரிசையில் இல்லை, யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ரஸ்ராஜ்' சொறியைத் தாங்கும். நம் எலுமிச்சையோடு லெமன் (பெரிய காய் காய்க்கும் வேறு எலுமிச்சை) இனத்தைச் சேர்த்த கலப்பினம் அது. காய் நம் நாட்டுக் காய் மாதிரியே இருக்காது, கமிஷன் கடையில் கேட்டுக்கொண்டு நடுங்கள்.

அடிவாரத்தான்

கிணற்றடி மரத்துக்குக் கிழக்கே பம்புசெட் அறை, வடக்கே தென்னை வரிசை. அதுவா விஷயம்?

ஒட்டுக்கத்தி

அதேதான் என்று சந்தேகம். வடகிழக்குச் சாரலைச் சுவரும் தென்னையும் வாங்கிக்கொண்டால் மரம் தப்பித்திருக்கும். தாங்கும் குணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனாலும் ஒதுக்கிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். எலுமிச்சை விதை ஒன்றிலேயே இரண்டு மூன்று முளைக்கும். பெரும்பாலும் அவை பூவில் சேர்ந்த கரு அல்ல, தாய்த் திசுவிலிருந்து வந்தவை, அதனால் அச்சு அசல் தாய்மரம்தான். (புது ரகம் கலக்க நினைப்பவர்களுக்கு இதனாலேயே தலைவலி.) நோஞ்சான் முளையைப் பிடுங்கிவிட்டு மற்றதை வளர்த்து, சொறி மிஞ்சிய மரங்களுக்கு நடுவே வையுங்கள். பக்கத்திலேயே உங்கள் மற்ற மரத்துக் கன்றும் இருக்கட்டும். அந்தக் கன்றுகளுக்கு மட்டும் மழைக்காலத்தில் தாமிர மருந்து அடிக்காதீர்கள்.

மற்ற மரங்களில் சொறி பிடித்த குச்சிகளை மழைக்கு முன், வெயில் நாளில் வெட்டி எரித்துவிடுங்கள். புதுத்துளிர் விடும்போது ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தாமிர மருந்து) அடியுங்கள், புழுவையும் கவனியுங்கள்.

அடிவாரத்தான்

சரி, கிழக்குக் கடைசி வரிசையில் வைக்கிறேன், அங்கே மறைப்பே கிடையாது. நர்சரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாச்சு. அவர் இப்போது பாதி விலைக்குத் தருகிறாராம்.