இரண்டு மணி நேரம் ஓடியும் ட்ரையரில் துணி காயவில்லை: ஹீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கியூர்பீப் தூறல்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் பிறந்துவிட்டால் நம் மொரிஷியஸின் கியூர்பீப்பில் கொடியில் போட்ட துணி மறுநாள் மாலையிலும் ஈரவாடையோடுதான் கிடக்கும் என்பது மேட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே பிள்ளைகளின் சீருடை முதல் போர்வை வரை எல்லாவற்றுக்கும் ட்ரையரையே நம்பியிருக்கிறோம். எங்களுடையது ஈரக்காற்றைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும் வகையைச் சேர்ந்தது. ஹீட்டர் 2000 வாட். முன்பு ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்த அதே அளவுத் துணி, இப்போது இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் தையல் ஓரங்களிலும் இடுப்புப் பட்டியிலும் ஈரமாகவே இருக்கிறது.

டிரம் ஒழுங்காகச் சுழல்கிறது, புதிய சத்தம் எதுவும் இல்லை, தொடக்கத்தில் நல்ல சூடும் வருகிறது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுகிறேன். வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், ஹீட்டர் தேய்ந்து பலம் குறைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். செலவு கொஞ்சமல்ல என்பதால், அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பதில்: வாக்வா மின்பணி

வணக்கம், சகோதரி. அவசரப்பட்டு ஹீட்டரை மாற்ற வேண்டாம். ட்ரையரின் ஹீட்டர் கம்பி பெரும்பாலும் பழைய குண்டு பல்பின் இழையைப் போன்றது. இருந்தால் எரியும், அறுந்தால் அணையும், இடையில் சிறிது சிறிதாகப் பலம் குறைவது அரிது. இரண்டு கம்பிகள் உள்ள இயந்திரத்தில் ஒன்று மட்டும் அறுந்தால் பாதிச் சூடு வரும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது தொடக்கம் முதலே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உங்களுக்கோ தொடக்கத்தில் நல்ல சூடு வருகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் முழுவதும் காற்றோட்டத்தின் மீதுதான்.

துணியைக் காய வைப்பது சூடு மட்டுமல்ல. சூடான காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும், அதன் இடத்திற்குப் புதுக் காற்று வர வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் டிரம்முக்குள் ஈரக்காற்றே தங்கிவிடுகிறது. ஹீட்டரைச் சுற்றியுள்ள வெப்பமும் அளவுக்கு மேல் ஏறுகிறது. உடனே பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்து, ஆறிய பிறகு மறுபடி ஏற்றிவிடும். இப்படி அணைந்து அணைந்து எரியும் ஹீட்டர், பார்ப்பவருக்குப் பலம் குறைந்ததாகத்தான் தோன்றும்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்துக் குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கொஞ்சம் துணியோடு சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு, வெளிவரும் காற்றின் வேகத்தைக் கையால் உணர்ந்து பாருங்கள். பிறகு குழாயை மாட்டிவிட்டு, வெளிச்சுவரில் அதே காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். இயந்திரத்தின் வாயில் வேகமாகவும் சுவரில் மெலிவாகவும் இருந்தால் குற்றம் குழாயில். இரண்டிலும் மெலிவாக இருந்தால் இயந்திரத்துக்குள்.

வடிகட்டியைத் துடைப்பது மட்டும் போதாது. அதன் வலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே இறங்காமல் முத்து முத்தாக நின்றால், துணியை மென்மையாக்கும் திரவத்தின் படலம் கண்ணுக்குத் தெரியாமல் வலையை மூடியிருக்கிறது. வெந்நீரிலும் சோப்பிலும் மென்மையான பிரஷ் கொண்டு தேய்த்தால் போய்விடும்.

பதில்: ரோஸ் ஹில் அக்கா

தம்பி சொன்னது அனைத்தும் சரி. நான் கேட்க நினைப்பது வாஷிங் மெஷினைப் பற்றி. நிமிடத்திற்கு எத்தனை சுற்றில் பிழிகிறீர்கள்? ஐந்து கிலோ பருத்தித் துணியை 1000 சுற்றில் பிழிந்தாலும் சுமார் மூன்று லிட்டர் தண்ணீர் துணியிலேயே தங்கியிருக்கும். 600 சுற்றில் பிழிந்தால் நான்கு லிட்டரையும் தாண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரம் தேவை. மூன்று லிட்டருக்கு 2000 வாட் ஹீட்டர் எந்த இழப்பும் இல்லாமல் உழைத்தாலே ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்றால், அதிகப்படியான அந்த ஒரு லிட்டருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பிழிவது எப்போதும் மலிவு, சூடாக்குவதுதான் செலவு.

எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மெல்லிய வயர் தானே சூடாகி ஆபத்தை வரவழைப்பதோடு, மின்னழுத்தத்தையும் குறைக்கும். 230 வோல்ட்டில் பத்து சதவீதம் குறைந்தால் ஹீட்டரின் சூடு ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்துவிடும்.

கேள்வியாளர்: கியூர்பீப் தூறல்

இருவருக்கும் நன்றி. அக்கா, 1200 சுற்றில்தான் பிழிகிறோம். பிளக்கும் நேராகச் சுவரிலேயே இருக்கிறது. வலையில் தண்ணீர் தங்காமல் இறங்கிவிட்டது. அண்ணா, குழாயைக் கழற்றி ஓடவிட்டபோது காற்று துணியைப் பறக்க வைக்கும் அளவுக்கு வந்தது. வெளிச்சுவரில் கையை வைத்தால் ஏதோ மூச்சு விடுவது போலத்தான் இருக்கிறது. குழாய் மடிந்து நசுங்கிக் கிடக்கவில்லை, உள்ளே பஞ்சும் அதிகம் இல்லை. பிறகு எங்கே அடைப்பு?

பதில்: வாக்வா மின்பணி

வெளிவாயில் கொசுவலை அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2006 ஆம் ஆண்டுச் சிக்குன்குன்யாவுக்குப் பிறகு நம் தீவில் வீட்டுத் துளை எதையும் வலையில்லாமல் விட மனம் வருவதில்லை. அது நியாயமான அச்சம். ஆனால் ட்ரையரின் வாயில் வலை போடவே கூடாது. வடிகட்டிக்குத் தப்பிய நுண்பஞ்சு முழுவதும் ஈரத்தோடு அங்கே போய் அப்பி, கம்பளி போலப் படிந்துவிடும்.

கேள்வியாளர்: கியூர்பீப் தூறல்

வலைதான், அண்ணா. முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் வாயின் மூடிக்கு உட்புறமாக நைலான் வலையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சாம்பல் நிறத் தகடு போல உறைந்திருந்த பஞ்சை வலையோடு சேர்த்துப் பிய்த்து எடுத்தார் என் கணவர். நேற்று சீருடைகள் பழைய நேரத்திலேயே காய்ந்துவிட்டன. ஆனால் திறந்த துளை வழியே பல்லியும் கொசுவும் வருமே, அதற்கு என்ன செய்வது?

பதில்: வாக்வா மின்பணி

காற்று தள்ளும்போது திறந்து, நின்றதும் தன் எடையால் மூடிக்கொள்ளும் மடல் வைத்த வெளிமூடி ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், பெரும்பாலும் 100 மில்லிமீட்டர்தான். அதை மாட்டும்போது குழாயின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுகளைப் பயன்படுத்தாதீர்கள், பஞ்சு அவற்றில் சிக்கும். உலோக நாடாவும் இறுக்கு வளையமும் போதும். புயல் எச்சரிக்கையின்போது மடலை வெளியிலிருந்து டேப் போட்டு ஒட்டுபவர்கள், டேப்பை எடுக்காமல் ட்ரையரைப் போடக் கூடாது. இன்னொன்று: இவ்வளவு காலம் வெப்பம் ஏறி இறங்கியதில் தெர்மோஸ்டாட் களைத்திருக்கலாம். இனி ஒருநாள் சூடு அறவே நின்றுவிட்டால் அதையும் வெப்ப ஃபியூஸையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்; ஃபியூஸைத் தவிர்த்து நேராக வயரை இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பஞ்சு தீப்பிடிக்கும் பொருள் என்பதால், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.