மெடீவல் ஃபெயார் பைத்தியம்: யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு இதைச் செய்ய ஏலுமோ?

நல்லூர்_வயலின்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டித்தான் கேக்கப்போறன், பொறுமையா வாசியுங்கோ. போன வருசம் ஜூலையில இங்கிலாந்தில இருக்கிற சித்தி வீட்ட போய் நிக்கேக்க சித்தப்பா எங்களை டியூக்ஸ்பரி எண்ட ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அங்க 1471ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி நாலாம் எட்வர்ட் அரசனுக்கும் அரச பதவிக்குப் போட்டியிட்ட லங்காஸ்டர் குடும்பத்துப் பக்கத்துக்கும் பெரிய சண்டை நடந்ததாம், அதை அந்த ஊரிலயே வருசாவருசம் ஆக்கள் இரும்புச் சட்டை தலைக்கவசம் எல்லாம் போட்டு திரும்ப நடத்திக் காட்டுறவை. இப்பிடிப் பழைய காலத்தைச் செய்து காட்டுற சந்தையைத்தான் மெடீவல் ஃபெயார் எண்டுறவை. ஊர்த் தெருவெல்லாம் கொடி, கூடாரம், விறகடுப்பில சமையல், அம்பு விடுறவை எண்டு ஒரு பக்கமா பாக்கிறதுக்கே ஒரு நாள் காணாது. சண்டையைப் பாக்க எல்லாரும் ஓடேக்க நான் ஒரு கூடாரத்தடியிலேயே நிண்டிட்டன், அங்க ஒரு அம்மா சின்னச் சின்ன சதுர மட்டையளில நூல் கோர்த்து அந்த மட்டையளைத் திருப்பித் திருப்பி இடுப்புப் பட்டி நெய்துகொண்டு இருந்தவ, என்னையும் இருத்தி நாலைஞ்சு தரம் திருப்ப விட்டவ. அதில இருந்து எனக்கு இதே நினைப்பு.

இப்ப கேள்விக்கு வாறன். நான் வேலைக்குப் போறனான், கிழமையில ரெண்டு பின்னேரம் வயலின் வகுப்பு, வீட்டில கத்தரி வெண்டித் தோட்டம், ஞாயிறு விடிய சைக்கிள். இதில ஒண்டையும் விட எனக்கு விருப்பமில்லை. இஞ்ச இருந்துகொண்டு இதையும் செய்யலாமோ, செய்யிறதெண்டால் எதில தொடங்கலாம்? அம்மா "வாளும் கையுமா திரியப்போறியோ" எண்டு கேக்கிறா, அதுக்கும் என்ன சொல்லுறது எண்டு சொல்லித்தாங்கோ.

மானிப்பாய்டூபிரிஸ்டல்

தங்கச்சி, உங்கட பதிவைப் பாத்து உடனயே எழுதுறன், நான் இங்க இங்கிலாந்தில இப்பிடிச் செய்து காட்டுற ஒரு குழுவோட கனகாலமா போறனான். முதல் விசயம், அம்மாட்ட சொல்லுங்கோ இதில கனபேர் வாளைத் தொடுறதே இல்லை எண்டு. எங்கட குழுவில சமைக்கிறவை, சாயம் போடுறவை, தோல் தைக்கிறவை, வாத்தியம் வாசிக்கிறவைதான் கனக்க, சண்டைக்குப் போறவை அரைவாசிக்கும் குறைவு. புதுசா வாறவைக்கு முதல் வருசம் உடுப்புக் குழுவே இரவல் குடுக்கும், ஒருத்தரும் எடுத்த எடுப்பிலேயே காசைக் கொட்டுறதில்லை.

மற்றது இது வருசம் முழுக்க ஓடுற வேலையில்லை. இங்க சந்தையள் மேயில இருந்து செப்டெம்பர் வரைதான், குளிர் காலம் முழுக்க வீட்டில இருந்து செய்யிற காலம், தைக்கிறது, பின்னுறது, வாசிக்கிறது. நீங்கள் யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு அந்தக் குளிர்காலப் பகுதியை அப்பிடியே செய்யலாம், எனக்கெண்டால் அதுதான் இதின்ர நல்ல பகுதியே. கூடாரத்துக்குள்ள வந்து நிண்டு கேக்கிற சனத்துக்கு உங்கட கையில இருக்கிற சாமான் நீங்களே செய்ததெண்டால் கதை தானா வரும், கடையில வாங்கிப் போட்டவைக்கு ரெண்டு வசனத்தோட முடிஞ்சிடும்.

நீங்கள் பாத்தது மட்டை நெசவு. தடிப்பான காட்போட்டில 6 சென்ரிமீற்றர் சதுரமா வெட்டி நாலு மூலையிலும் துளை போடுங்கோ, ஒரு துளைக்கு ஒரு நூல், தொடங்க 10 மட்டை காணும். நூலின்ர ஒரு முனை யன்னல் கம்பியில, மற்ற முனை உங்கட இடுப்பில. மட்டை எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சு கால் சுத்துத் திருப்பினா நூலுக்கு நடுவில வழி திறக்கும், அதுக்குள்ளால குறுக்கு நூலை விட்டு இறுக்கி அடிக்கிறது, பிறகு அடுத்த கால் சுத்து. ஒரு பக்கமாத் திருப்பிக்கொண்டே போனா பின்பக்கம் நூல் முறுகும், அப்ப மற்றப் பக்கமாத் திருப்ப வேணும், கோலம் அங்க தலைகீழா மாறும், அதை வைச்சே வடிவு செய்யிறது. நோர்வேயில ஓசபேர்க் எண்ட இடத்தில 1904இல கிண்டி எடுத்த கப்பல் புதைகுழிக்குள்ள பாதி நெய்த பட்டியோட 52 மட்டை அப்பிடியே கிடந்தது, அது 834ஆம் ஆண்டளவில புதைச்சது. அதே வேலையை நீங்கள் ஒரு பின்னேரத்தில பழகலாம், இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

வயலினை ஏன் வேற பொழுதுபோக்கு எண்டு பிரிச்சு வைக்கிறீங்கள்? வயலின் எண்ட வாத்தியம் 16ஆம் நூற்றாண்டில வந்ததுதான், ஆனா அதுக்கு முந்தி வில்லால வாசிக்கிற ஃபிடில் ஐரோப்பா முழுக்க இருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுகளில கனக்க ஒரே மெட்டு வரிசைதான், இப்பத்தைய கோர்ட்ஸ், அதாவது கனக்கச் சுரத்தை ஒண்டா வாசிக்கிறது, கிடையாது, அடியில ஒரு சுருதி நிண்டால் காணும். கர்நாடக சங்கீதம் பழகின கைக்கு அது கெதியாப் பிடிபடும். ஸ்பெயினில பத்தாம் அல்ஃபோன்சோ அரசன் 13ஆம் நூற்றாண்டில தொகுப்பிச்ச 400க்கு மேற்பட்ட பாட்டுகள் சுரத்தோட இண்டைக்கும் இருக்கு, இணையத்தில எடுக்கலாம். சுருதிப் பெட்டியைப் போட்டிட்டு ஒண்டை வாசிச்சுப் பாருங்கோ.

வேலிக்கம்பி

நான் சுன்னாகம் பக்கம், இரும்பு வளையச் சட்டை பின்னிக்கொண்டு இருக்கிறன், ஊரில உப்பிடி இன்னொரு ஆள் கதைக்கிறதைப் பாக்கச் சரியான சந்தோசம். ஹாட்வெயார் கடையில 16ஆம் கேஜ் கல்வனைஸ் கம்பி வாங்கி 8 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில ஸ்பிரிங் மாதிரிச் சுத்தி, கட்டரால ஒவ்வொண்டா வெட்டி, ரெண்டு குறடு வைச்சு மூட வேணும். ஒரு வளையத்துக்குள்ளால நாலு வளையம் போகும், அதுதான் முழுச் சூத்திரமும். முழுச் சட்டைக்கு 20,000 வளையத்துக்கு மேல போகும், 10 கிலோ அளவில பாரம், ஆனபடியா முதல் ஒரு சின்னப் பை பின்னுங்கோ. உண்மையான காலத்துச் சட்டையில வளைய முனையளைத் தட்டையாக்கி ஆணி அறைஞ்சு பூட்டியிருப்பினம், நாங்கள் சும்மா வாய் மூட்டிப் பின்னுறது பாக்கிறதுக்கும் பழகிறதுக்கும்தான், அடி தாங்காது. எங்கட கடல் காத்துக்கு கல்வனைஸ் இல்லாத கம்பி ஒரு மாரிக்குள்ள துருப்பிடிச்சிடும், அதையும் கவனியுங்கோ.

வாள் விசயத்தில அம்மா சொல்லுறது சரி. வாள்வெட்டுக் குழுக்களால சனம் பட்ட பாட்டுக்குப் பிறகு இஞ்ச ஒரு இரும்பு வாளை சாக்கில சுத்திக்கொண்டு றோட்டால போறதே பிழை, மழுங்கின வாள் எண்டு பொலிசிட்ட விளங்கப்படுத்தவும் ஏலாது, அயலட்டைச் சனத்துக்கும் பயம். எனக்கு அந்தச் சனத்தின்ர பயம்தான் பெரிசாப் படுது. கம்பைப் பிடியுங்கோ, சிலம்படி பழகுங்கோ, அது காணும்.

கோண்டாவில்_ராசன்

எனக்கு ஒண்டு விளங்கேல்லை. வெள்ளைக்காரன்ர அரசனுக்கு ஏன் நாங்கள் உடுப்புத் தைக்க வேணும்? சங்கிலியன் தோப்பு வளைவைத் தாண்டித்தானே நீங்கள் தினமும் போறீங்கள். யமுனா ஏரி, மந்திரிமனை எண்டு யாழ்ப்பாண அரசின்ர பேர் சொல்லுற இடமெல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கு. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள எங்கட அரசு காலத்தைச் செய்து காட்டினா சனம் திரண்டு வரும்.

பழைய_காசு

ராசன் அண்ணை, உங்கட ஆசை நியாயமானது, ஆனா கோட்டை அதுக்குப் பொருந்தாது. அது போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658இல ஒல்லாந்தர் பிடிச்சு, பிறகு ஐஞ்சு மூலை நட்சத்திர வடிவில திருப்பிக் கட்டினது, முழுக்கப் பீரங்கிக் காலத்துச் சாமான். எங்கட அரசு 1619இல விழுந்திட்டுது.

அதோட ரெண்டையும் எதிரெதிரா வைக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். தங்கச்சி பாத்த சண்டை நடந்தது 1471. தெற்கில இருந்த கோட்டே அரசின்ர இளவரசர் சபுமல் குமாரயா 1450இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, 1467இல கோட்டே அரச பதவிக்காகத் திரும்பிப் போக, முந்தி இஞ்ச அரசனா இருந்த கனகசூரிய சிங்கையாரியன் வந்து தன்ர அரசை மீட்டுட்டார். அப்ப டியூக்ஸ்பரியில வெட்டுக்குத்து நடக்கேக்க நல்லூரில கனகசூரியன்தான் அரசன், சந்தையில நந்தியும் 'சேது' எண்ட எழுத்தும் போட்ட காசு புழங்கியிருக்கும். அதுக்கும் முந்தி 1344இல மொரோக்கோப் பயணி இபின் பதூதா வந்து யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில கண்டிருக்கிறார், அரசனுக்குப் பாரசீகம் விளங்கினது எண்டும் முத்துக் காட்டினவர் எண்டும் கடற்கரையில கறுவாக் கட்டையள் குவிஞ்சு கிடந்தது எண்டும் எழுதி வைச்சிருக்கிறார். கறுவாவும் மிளகும் அந்த நூற்றாண்டில இங்கிலாந்துப் பிரபுக்களின்ர அடுப்படியிலயும் இருந்தது. மிளகாய் ரெண்டு இடத்திலயும் இல்லை, அது அமெரிக்காவில இருந்து போர்த்துக்கேயரோட வந்தது. நீங்கள் ஒரு நாள் மிளகாய் போடாம மிளகு, திப்பிலி, இஞ்சியில கத்தரிக்காய்க் கறி வைச்சுப் பாருங்கோ, தோட்டமும் இதுக்குள்ள வந்திடும்.

ஸ்காபரோ_மருமகன்

ஒரு சின்ன விசயம் சேக்கிறன். வட அமெரிக்காவில 1966இல கலிஃபோர்னியா பேர்க்லியில தொடங்கின, இப்பிடிப் பழைய காலத்தைச் செய்து காட்டுற ஒரு பெரிய சங்கம் இருக்கு, நாங்கள் ரொறன்ரோ ஆக்களும் அதில போறனாங்கள். அங்க வாளுக்குப் பதிலா பிரம்பு, மூங்கில் எண்டால் கூராப் பிளக்கும், பிரம்பு நார் நாராத்தான் போகும். அங்க ஒவ்வொருத்தரும் பழைய காலத்து ஆள் ஒருத்தரை நினைச்சு உருவாக்கி அந்த ஆளா வருவினம், 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தி இருக்க வேணும், ஐரோப்பாவோட தொடர்பிருந்த எந்த ஊராயும் இருக்கலாம். நான் நல்லூரில இருந்து வந்த முத்து வியாபாரி. கோண்டாவில் அண்ணைக்கும் உதில இடமிருக்கு.

வட்டுக்கோட்டை_மத்தளம்

நல்லூர்த் தங்கச்சிக்கும் ராசனுக்கும் சேத்துச் சொல்லுறன், விடியவிடிய கிரீடமும் உடுப்பும் போட்டு வாளோட ஆடுறதை நாங்கள் புதுசாக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. எங்கட ஊரில தருமபுத்திரன் நாடகம் ஆடினவை, குருநகர் பாசையூர்ப் பக்கம் கத்தோலிக்கக் கூத்தில யாழ்ப்பாண அரசன் சங்கிலியன்ர கதையே இருக்கு, காத்தவராயன் கூத்து இல்லாத ஊர் குறைவு. ஆனா கூத்து வேற மாதிரி வேலை எண்டதையும் சொல்லவேணும். கூத்தில அரசன் எப்பிடி உடுத்தவர் எண்டு ஒருத்தரும் ஆராயிறதில்லை, கூத்துப் பழக்கிற அண்ணாவியார் தந்த பாட்டும் ஆட்டமும் பிசகக்கூடாது, அவ்வளவுதான். நீங்கள் பாத்த சந்தையில உடுப்பின்ர தையலைக்கூட ஆராய்ஞ்சு பாப்பினம். கிட்டடியில கூத்துப் பழகிற இடம் இருந்தா போய் இருந்து பாருங்கோ, கிரீடம் கட்டிறவரோட கதையுங்கோ, கண்ணாடித் துண்டு ஒட்டுறதில இருந்து மணி கோர்க்கிறது வரை அவரிட்ட பழக நிறைய இருக்கு.

நல்லூர்_வயலின்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கள் எண்டு நினைக்கவேயில்லை. மட்டை வெட்டிப் பாத்திட்டன், பழைய கலண்டர் மட்டையில, துளை ஓரம் நூலை அறுக்குது, மெழுகுதிரி தேய்ச்ச பிறகு பரவாயில்லை. செவ்வாய் வியாழன் வயலின், புதன் பின்னேரம் நெசவு எண்டு வைச்சிருக்கிறன், ராசன் அண்ணைக்காக முதல் பட்டி நல்லூருக்குத்தான், சிவப்பும் வெள்ளையும். இப்ப கடைச் சிவப்பு நூல் கண்ணைக் குத்துற மாதிரி இருக்கு. அந்தக் காலத்துச் சிவப்பை வீட்டில போட ஏலுமோ?

மானிப்பாய்டூபிரிஸ்டல்

ஏலும், அதுக்கு உங்கட ஊர்தான் இங்கிலாந்தைவிட நல்லம். இங்க சிவப்புக்கு மேடர் எண்ட செடியின்ர வேர். ஊர்ப் பக்கம் அதே சாயச்சத்து இருக்கிறது சாயவேர் எண்ட செடியின்ர வேரில, ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணத்திலயும் மன்னாரிலயும் அதைக் கிண்ட ஆக்களை வைச்சு வரி மாதிரி வாங்கினவை. இப்ப சாயவேர் கடையில கிடைக்கிறது கஷ்டம், ஆனா மேடரின்ர இனத்தான் மஞ்சிட்டி, நாட்டு மருந்துச் சாமான் விக்கிற கடையில கேளுங்கோ.

100 கிராம் பருத்தி நூலுக்கு: முதல் நூலை சவர்க்காரத்தில நல்லா அவிச்சுப் பசை போக்குங்கோ. கடுக்காய்த் தூள் 20 கிராம் கரைச்ச வெந்நீரில ஒரு இரவு ஊறட்டும். அடுத்த நாள் பிழிஞ்சிட்டு படிகாரம் 20 கிராம் கரைச்ச தண்ணியில இன்னொரு இரவு. பிறகு மஞ்சிட்டி 100 கிராம் இடிச்சு ஊறவிட்ட தண்ணியில நூலைப் போட்டு மெல்லிய நெருப்பில ஒரு மணித்தியாலம், கொதிக்க விடாதேங்கோ, கொதிச்சா மண்ணிறத்துக்குப் போயிடும். அப்பிடியே ஆறவிட்டு அலசி நிழலில காயப்போடுங்கோ. சமைக்கிற சட்டியைப் பாவிக்கவேண்டாம், இதுக்கெண்டு ஒரு பழைய சில்வர் சட்டியை ஒதுக்குங்கோ, இரும்புச் சட்டி நிறத்தைக் கறுப்பாக்கும்.

தண்ணிக்கு உங்கட கிணத்துத் தண்ணியே போதும், சவர் இல்லாததாப் பாருங்கோ. சுண்ணாம்புக் கல்லால வாற தண்ணி எண்டபடியா இந்த வேருக்கு அதில சிவப்பு நல்லா ஏறும், மென்தண்ணி இருக்கிற ஊர்க்காரர் சோக்கு வாங்கித் தூளாக்கிப் போடுறவை. முதலில 10 கிராம் நூலில இதே அளவைப் பத்தில ஒண்டாக்கிப் போட்டுப் பாத்திட்டு, வந்த நிறத்தின்ர படத்தை இதிலேயே போடுங்கோ.