மறு: சிட்ரஸ் மரத்திலிருந்து எடுக்கும் வாசனைப் பொருள்: ‘கட்டைச்சாரம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த உரையாடல் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள்: சிட்ரஸ் மரம், மரநெய், காழ்ச்சாரம், பசுமை மரத்தைலம். அகராதிப் பதிவுக்காக நாம் பெயர் தேடுவது எந்தப் பொருளுக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் கவாத்து செய்யும்போது விழும் கிளைகள், காய்ப்பு நின்று வேரோடு எடுக்கப்படும் பழைய மரங்கள், இவற்றின் கட்டையைச் சீவி அதிலிருந்து பிரித்தெடுக்கும் வாசனைப் பொருள். வாசனைக்காகவென்று தனியாக ஒரு மரத்தை வெட்ட வேண்டியதில்லை என்பதுதான் இதன் சிறப்பு.

> “சிட்ரஸ் மரம் என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.”

எளிதுதான். ஆனால் மரம் என்றால் தமிழில் நிற்கிற மரம்தான் முதலில் நினைவுக்கு வரும். வெட்டி எடுத்ததற்கு நம்மிடம் கட்டை இருக்கிறது. சந்தனக்கட்டை, அகிற்கட்டை என்று வாசனைப் பொருளுக்கே அதைப் பழகியும் வைத்திருக்கிறோம். அந்த வரிசையில் சிட்ரஸ் கட்டை தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மரநெய் அழகான சொல். ஆனால் இன்று நெய் என்றால் யாருக்கும் பால் நெய்தான். காழ்ச்சாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காழ் என்பது மரத்தின் வைரம், அதாவது நடுவில் இறுகிய கெட்டிக் கட்டை. சந்தனத்தில் வாசம் வைரத்திலும் வேரிலும்தான் இருக்கிறது, வெளிப்புற வெள்ளைக் கட்டையில் அநேகமாக இல்லை. அதனால் அங்கே காழ் பொருந்தும். கவாத்தில் விழுவதோ பெரும்பாலும் விரல் பருமன், மணிக்கட்டுப் பருமன் கிளைகள், வைரம் பாயாதவை. இல்லாத ஒன்றைப் பெயரில் வைத்தால் படிப்பவர் சந்தனத்தைப் போல நினைத்துக்கொள்வார்.

அப்புறம் தைலமா, சாரமா என்ற கேள்வி. இதில் நாம் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐ.எஸ்.ஓ 9235 என்ற பன்னாட்டுத் தர ஆவணத்தின் வரையறைப்படி நறுமண எண்ணெய் என்பது நீராவியில் வடித்தது, கட்டையை உலர்முறையில் வடித்தது, அல்லது சிட்ரஸ் பழத்தோலை இயந்திரத்தால் பிழிந்தது. பிழிந்தெடுக்கும் வழி சிட்ரஸ் தோலுக்கு மட்டும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எரிசாராயம் போன்ற கரைப்பானிலோ, அழுத்தமேற்றிய கரியமில வாயுவிலோ கரைத்து எடுப்பது இந்த வரையறைக்குள் வராது. ஆகவே வடித்ததைக் கட்டைத்தைலம் என்றும், கரைத்து எடுத்ததைக் கட்டைச்சாரம் என்றும் பிரிக்கலாம். மூலிகையை எண்ணெயில் காய்ச்சுவதும் தைலம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் யூகலிப்டஸ் தைலம் வந்த பிறகு வடித்த எண்ணெய்க்கும் அந்தச் சொல் ஊன்றிவிட்டது.

இதே மர இனத்தில் பெயர்கள் எப்படிக் குழம்பியிருக்கின்றன என்று பாருங்கள். கசப்பு ஆரஞ்சின் பூவை வடித்தால் நெரோலி. இத்தாலியின் நெரோலா ஊர் இளவரசியை ஒட்டி வந்த பெயர் அது, பூவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இலையையும் சுள்ளியையும் வடித்தால் பெட்டிகிரெய்ன். பிரெஞ்சில் அதற்குச் சிறுமணி என்று பொருள். ஒரு காலத்தில் பட்டாணி போன்ற பிஞ்சுக் காய்களை வடித்தார்கள், பிறகு மூலப்பொருள் இலைக்கு மாறியது, பெயர் மாறவில்லை. பராகுவேயில் இன்றும் இலையை வடித்து அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். நாம் புதிதாகத் தொடங்குகிறோம். மரத்தின் எந்த உறுப்பு, எந்த முறை என்ற இரண்டையும் பெயரிலேயே வைத்துவிட நமக்கு வாய்ப்பிருக்கிறது.

‘சிட்ரஸ் குடும்பக் கட்டை’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் கறிவேப்பிலையும் வில்வமும்கூட உண்டு. ஹெய்ட்டியில் வடிக்கப்படும் அமைரிஸ் கட்டையும் அதே குடும்பம்தான். அந்த எண்ணெய் வெகுகாலம் ‘மேற்கிந்தியச் சந்தனம்’ என்று விற்கப்பட்டது, சந்தனத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. குடும்பம் என்று எழுதினால் அமைரிஸும் உள்ளே வந்துவிடும். பேரினப் பெயராகச் சிட்ரஸ் போதும். எந்த மரம் என்று தெரிந்தால் ஆரஞ்சுக் கட்டைச்சாரம், எலுமிச்சைக் கட்டைச்சாரம் என்று எழுதுவது இன்னும் நல்லது.

> “பசுமை, வளங்குன்றா என்று ஏதாவது ஒன்று பெயரில் வர வேண்டும், அதுதானே இதன் பெருமை?”

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். வளங்குன்றா என்பது நல்ல சொல், ஆனால் அது பொருளின் இயல்பு அல்ல, ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு ஆண்டும் நிரூபிக்க வேண்டிய நடத்தை. வாசனைக்காக வெட்டியே அருகிப்போன அமேசான் ரோஸ்வுட்டை 2010-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. கவாத்துக் கட்டைக்கு அந்த ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனாலும் கிளைகளைத் துண்டாக்கி மண்ணிலேயே போட்டால் அது தோட்டத்துக்கு உரம், மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனால் மண்ணுக்கு இழப்பு. எனவே பெயரில் மூலத்தைச் சொல்வோம்: கவாத்துக்கட்டை. அதைப் பார்த்து வளம் குன்றுமா, குன்றாதா என்று படிப்பவர் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. வாசனைக் குப்பியில் ‘சிட்ரஸ் கட்டை’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே கட்டையே இல்லாமல், பழத்தோல் எண்ணெயையும் தேவதாருவையும் கூட்டிச் செய்ததாக இருக்கலாம். அதற்குச் சிட்ரஸ்-கட்டை மணக்கூட்டு என்று தனிப்பதிவு வேண்டும். தோல் வாசத்தைக் கட்டையில் எதிர்பார்க்கவும் கூடாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமோனீன் என்ற வாசனைச் சேர்மம், அதைத் தேக்கி வைப்பவை தோலில் உள்ள எண்ணெய்ப் பைகள்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

கட்டைச்சாரம், சிட்ரஸ்: சிட்ரஸ் பேரின மரங்களின் இலை நீக்கிய கட்டையிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்த வாசனைப் பொருள். கவாத்தில் கிடைத்த கட்டை எனில் ‘கவாத்துக்கட்டைச் சாரம்’. நீராவியில் வடித்தது ‘கட்டைத்தைலம்’. இலையும் சுள்ளியும் சேர்த்து வடித்தது ‘இலைச்சுள்ளித் தைலம்’.

பட்டையோடு சீவிய கட்டையையும் இந்தப் பதிவிலேயே சேர்ப்பதா, ‘பட்டை நீக்கிய’ என்று வரையறையை இறுக்குவதா? எனக்குச் சேர்ப்பதே சரியென்று படுகிறது, மெல்லிய கிளையில் பட்டையை உரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். மரவியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதற்கேற்ப வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.