பத்துச் சில்லு லொறிக்கு சீ1 லைசன்ஸ் காணுமா?

நாவிதன்வெளித் தம்பி:
வணக்கம். என் அண்ணனிடம் சீ1 லைசன்ஸ் இருக்கிறது, ஏழு வருசமாக எல்ப், கன்டர் போன்ற சின்ன லொறிதான் ஓடுகிறார். இப்போது சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை முதலாளி பத்துச் சில்லு லொறி ஒன்றைக் கொடுத்து, மகாஓயா வழியாகக் கண்டிக்கு அரிசி கொண்டுபோகச் சொல்கிறார். "லொறி ஓடத் தெரிந்தவன்தானே, சீ1 காணும், போகும்போது மட்டும்தான் பாரம், வரும்போது வெறும் லொறிதானே" என்கிறார் முதலாளி. அண்ணிக்குப் பயம். சீ1க்கு 17,000 கிலோ வரைதான் என்று சொல்கிறார்களே, அது லொறியின் எடையா, ஏற்றுகிற சாமானின் எடையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும்.

செங்கலடி டிரைவர்:
தம்பி, காணாது. அண்ணனைத் திங்கட்கிழமை ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.
இரண்டும் சேர்ந்த எடைதான் கணக்கு. வெறும் லொறியும் அது ஆகக்கூடுதலாக ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்தது மொத்த எடை, வாகனப் புத்தகத்தில் வெற்று எடைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும், நிறைய லொறிகளில் பக்கப் பலகையிலும் பெயின்டால் எழுதியிருப்பார்கள். 3,500 கிலோ வரை பி வகுப்பு லைசன்ஸ், அதற்கு மேலே 17,000 வரை சீ1, அதையும் தாண்டினால் சீ. அன்றைக்கு எத்தனை மூடை ஏற்றினீர்கள் என்று லைசன்ஸ் பார்ப்பதில்லை. பத்துச் சில்லு என்றால் சாதாரணமாக 25,000 கிலோ. வெறும் லொறி ஒன்பது பத்து டன்தான் இருக்கும், ஆனாலும் ஒரு மூடைகூட இல்லாமல் ஓடினாலும் அது சீ லொறிதான். முதலாளி பிழைவிடுவது இந்த இடத்தில்தான், எங்கள் பக்கம் மண் ஏற்றுகிற பொடியன்களும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.
ஆறு சில்லு டாட்டா 1613 என்றால் மொத்த எடை 16,200, அதை அண்ணன் தாராளமாக ஓடலாம். அந்த லொறியின் வெற்று எடை 6,000 என்று எழுதியிருந்தால் மிச்சம் 10,200 கிலோ, 65 கிலோ நெல் மூடை என்றால் 156. அதற்கு மேலே அடுக்கினால் அது வேறு குற்றம், அதை லைசன்ஸோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அறுவடை நேரம் ஈர நெல் மூடை இன்னும் பாரமாக இருக்கும், எண்ணிக்கையை மட்டும் நம்பி ஏற்றாதீர்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
டிரைவர் சொன்னது சரி. பொலிஸ் பிடித்தால் தண்டப்பணம் கட்டலாம், நான் பயப்படுவது காப்புறுதிக்குத்தான். என் மச்சான் இப்படித்தான் தன் வகுப்புக்கு மேலான லொறி ஒன்றைப் பொத்துவில் ரோட்டில் கொண்டுபோய் ஒரு வீட்டு மதிலில் இடித்துவிட்டார். அல்லாஹ் காப்பாற்றினான், ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் லைசன்ஸ் வகுப்புப் பொருந்தவில்லை என்று சொல்லிக் காப்புறுதிக்காரர்கள் காசு தர மறுத்துவிட்டார்கள். மதிலுக்கும் லொறிக்கும் அவர்தான் கட்டினார், வண்டியைக் கொடுத்த முதலாளி ஒரு சதம் தரவில்லை. ஆள் மேலே மோதியிருந்தால் என்ன செய்வது, யோசித்துப் பாருங்கள் தம்பி.

நாவிதன்வெளித் தம்பி:
மிச்சம் நன்றி அண்ணன், காக்கா. புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம், 25,000 என்றுதான் இருக்கிறது. முதலாளி அப்படியானால் வேலையாட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸையாவது ஓடச் சொல்கிறார், அது முப்பதுக்குள்தான் ஆட்கள். லொறியே ஓடுகிறவர் பஸ் ஓடலாம்தானே? உழவு மெசினும் பெட்டியோடு நிற்கிறது, அதை ஓடலாமா?

செங்கலடி டிரைவர்:
பஸ்ஸுக்குக் கிலோக் கணக்கு இல்லை, ஆசனக் கணக்கு. சாரதி ஆசனத்தையும் சேர்த்து ஒன்பதுக்கு மேலே 33 வரை டீ1, அதற்கு மேலே டீ. லொறி வகுப்பு அதற்குச் சரிவராது. உழவு மெசினுக்கு ஜீ, இரண்டு சில்லுக் கை மெசினுக்கு ஜீ1. அண்ணனின் லைசன்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் நேரே திகதி போட்டிருக்கும், திகதி இல்லாத வகுப்பை ஓட முடியாது. கன்டெய்னர் இழுக்கிற நீள லொறிக்குச் சீயும் காணாது, 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலர் என்றால் சீஈ வேண்டும்.
இப்போதே மெடிக்கல் எடுத்து, சீ போடுவதற்கு ட்ரயலுக்கு, அதாவது ஓடிக் காட்டுகிற சோதனைக்கு, பதியச் சொல்லுங்கள். கனரக லைசன்ஸை நாலு வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அண்ணனுக்கு அந்தத் திகதி கிட்டத்தில் வருகிறதா என்றும் பாருங்கள்.

நாவிதன்வெளித் தம்பி:
பார்த்தேன் அண்ணன், ஜீக்குத் திகதி இருக்கிறது, டீ1க்கு இல்லை. ட்ரயல் முடியும் வரைக்கும் ஆலையின் ஆறு சில்லு லொறியைத் தாருங்கள் என்று என் அண்ணன் கேட்டார், முதலாளி சம்மதித்துவிட்டார். நாளைக்கு மெடிக்கலுக்குப் போகிறோம்.