தொலைக் களஞ்சியமா, சேய்மைக் களஞ்சியமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் கையேட்டின் வரைவில், வேறொரு கணினியில் இயங்கும் உள்ளடக்கக் களஞ்சியத்தை வழங்கியில் (சர்வரில்) இயங்கும் ஜாவா நிரலிலிருந்து அணுகும் பகுதிக்கு, 'தொலைக் களஞ்சிய இணைப்பு' (ரிமோட் ரெப்பாசிட்டரி கனெக்‌ஷன்) என்ற தலைப்பு முன்மொழியப்பட்டிருக்கிறது. 'களஞ்சியம்' பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'கிடங்கு' என்றால் தரவுக் கிடங்கோடு குழம்பும். மற்ற இரண்டு சொற்கள்தாம் இடறுகின்றன.

மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வலைப்பக்கத்தில் சொடுக்குவதும் இணைப்பு, வீட்டுக்குக் கம்பிவழி வருவதும் இணைப்பு. கட்டுரைகளும் படங்களும் கோப்புகளும் நிறைந்த ஒன்றைப் பற்றி எழுதுகையில் 'களஞ்சிய இணைப்பு' என்றால், படிப்பவர் இவற்றுள் எதை எடுத்துக்கொள்வார்? 'தொடுப்பு' என்று மாற்றலாம் என்றால், எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு வேறொரு பொருள் உண்டு. வகுப்பில் சொன்னால் பின்வரிசை சிரிக்கும். ஆகவே 'தொடர்பு' போதும் என்பேன்.

ஆனால், சொல்லுக்கு முன் செயலைப் பார்க்க வேண்டும். ஜாவா நிரல் உள்ளடக்கக் களஞ்சியத்தை அணுகும் முறையை வகுப்பவை 2005இல் வந்த ஜேஎஸ்ஆர் 170, 2009இல் வந்த ஜேஎஸ்ஆர் 283 ஆகிய இரு வரையறைகள். அவற்றில் 'கனெக்‌ஷன்' என்றோர் இடைமுகமே கிடையாது. நிரல் முதலில் களஞ்சியத்தைக் குறிக்கும் 'ரெப்பாசிட்டரி' என்ற நிரல்பொருளை (ஆப்ஜெக்டை) பெறுகிறது. பிறகு பயனர்பெயர், கடவுச்சொல், பணிவெளியின் (களஞ்சியத்துக்குள் நாம் வேலை செய்யும் பகுதியின்) பெயர் ஆகியவற்றைக் கொடுத்து அதனிடம் புகுபதிகை செய்தால் ஓர் அமர்வு (செஷன்) கிடைக்கிறது. களஞ்சியத்தின் உள்ளடக்க அலகுகளான கணுக்களைப் படிப்பதும், அவற்றின் பண்புகளை மாற்றுவதும், சேமிப்பதும் அந்த அமர்வின் வழியாகத்தான். ரெப்பாசிட்டரிப் பொருள், அமர்வு இரண்டையும் 'இணைப்பு' என்று ஒரே சொல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் முன்பு பணிசெய்த ஓரிடத்தில் பார்த்தேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அமர்வு திறக்கப்பட்டு மூடப்படாமலே கிடந்ததால், நண்பகலுக்குள் வழங்கியின் நினைவகம் நிரம்பிவிடும். 'வேலை முடிந்ததும் இணைப்பை மூடவும்' என்று எங்கள் உள்குறிப்பில் எழுதித்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த நிரலாளர் அதைப் படித்து, ரெப்பாசிட்டரிப் பொருளில் மூடும் வழியைத் தேடி, அப்படி ஒன்று இல்லாததால் விட்டுவிட்டார். மூட வேண்டியது அமர்வை.

இனி 'தொலை'. தொலைபேசியில் அது உறுத்துவதில்லை. ஆனால் 'தொலைக் களஞ்சியம் கிடைக்கவில்லை' என்று நான் மொழிபெயர்த்த பிழைச்செய்தியைத் திரையில் கண்ட சோதனையாளர், 'எப்போது தொலைந்தது?' என்று மெய்யாகவே கேட்டார். அன்றோடு அந்தச் சொல்மீது எனக்கு நம்பிக்கை போயிற்று.

பள்ளி இலக்கணத்திலேயே நமக்கு ஓர் இணை இருக்கிறது: 'இ' அண்மைச்சுட்டு, 'அ' சேய்மைச்சுட்டு. 'அவ்வீடு' என்பவர் வீட்டைத் தூக்கி நம் கையில் தருவதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டுகிறார். அந்த வரையறைகளைச் செயல்படுத்தும் மென்பொருளான அப்பாச்சி ஜாக்ராபிட்டிடம் ஒரு முகவரியைக் கொடுத்து நாம் பெறும் ரெப்பாசிட்டரிப் பொருளும் அப்படிப்பட்டதே. களஞ்சியம் அங்கேயே இருக்கிறது. நம் கையில் இருப்பது அதைச் சுட்டும் பதிலி. அதற்குச் 'சேய்மைச்சுட்டு' என்பதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைக்க முடியவில்லை. சேய்மை என்ற சொல் அதன் விலையையும் நினைவூட்டும். வேறொரு கணினியில் உள்ள ஜாவா பொருளை அழைக்கும் ஆர்எம்ஐ வழியில் ஆயிரம் கணுக்களின் தலைப்பைப் படிக்கும் ஒரு மடக்கு (லூப்), குறைந்தது ஆயிரம் முறை வலையமைப்பைக் கடந்து திரும்பும். வலை நெறிமுறையான எச்டிடிபியை விரித்த வெப்டாவ் வழியிலோ, சேமிக்கும்வரை மாற்றங்கள் நம் பக்கமே தங்கும்.

'சுட்டி' என்பது ஏற்கெனவே மவுசுக்குப் போய்விட்டதே என்ற மறுப்பு வரும். சுட்டியும் சுட்டும் வேறு. 'சேய்மை' முன்னொட்டாக நிற்கையில் யாரும் மயங்கமாட்டார்கள்.

என் பரிந்துரையில் கையேட்டின் அந்தப் பத்தி இப்படி அமையும்: 'சேய்மைக் களஞ்சியத்தோடு தொடர்புகொள்ள, முதலில் அதன் சேய்மைச்சுட்டைப் பெறுக, அதன்வழி புகுபதிகை செய்து அமர்வைத் திறக்க, பணி முடிந்ததும் அமர்வை மூடுக, ஓர் அமர்வைப் பல இழைகளுக்கு (திரெட்களுக்கு) பகிர வேண்டா.'

புகுபதிகைக்குத் தரும் பயனர்பெயர், கடவுச்சொல் போன்றவற்றைக் குறிக்கும் 'கிரெடென்ஷியல்ஸ்' என்பதற்கு வரைவில் உள்ள 'சான்று' மட்டும் சான்றிதழோடு மோதுகிறது. அதற்கு மாற்று என்னிடம் இல்லை. யாரேனும் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.