டச்சு மொழியினருக்கு ‘கெட்’ என்னும் ஆங்கில வினையைக் கற்பிப்பது எப்படி?

கேள்வி:
நெதர்லாந்தில் டச்சைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். சரளமாகப் பேசும் மாணவர்கள்கூட ‘கெட்’ என்ற சிறு வினையிடம் தயங்கி நிற்கிறார்கள். அகராதி முதலில் தரும் ‘கிரெய்ஹன்’, அதாவது பெறுதல், என்னும் பொருளை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்த்துவிட்டு, பொருந்தாதபோது அந்த வினையையே தவிர்த்துவிடுகிறார்கள். பொருள்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
அந்த வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். பெயர்ச்சொல் வந்தால், கடிதம்போலத் தானாக வந்து சேர்வதற்கு ‘கிரெய்ஹன்’. பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவதுபோலப் போய்க் கொண்டுவருவதற்கு ‘ஹாலன்’. இடம் வந்தால் பெரும்பாலும் ‘கோமன்’, அதாவது வருதல்; பண்பு வந்தால் ‘வொர்டன்’, அதாவது ஆதல்.

பண்பு வரும் இடத்தில்தான் சற்று நின்று விளக்க வேண்டும். சூப் ஆறிப்போகிறது என்பதற்கும் எனக்குக் குளிரெடுக்கிறது என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘கெட்டிங் கோல்டு’ ஒன்றே போதும். டச்சுக்காரரோ முதலாவதை ‘வொர்டன்’ கொண்டும், இரண்டாவதை ‘இக் கிரெய்க் ஹெட் கௌட்’ என்று ‘கிரெய்ஹன்’ கொண்டும் சொல்வார். தம் மொழி பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் சேர்த்து வைத்திருக்கிறது என்று கண்டுகொண்டால், மாணவருக்குப் பாதித் தயக்கம் நீங்கிவிடும். கதவைத் திறக்க முடியவில்லை (‘ஐ கான்ட் கெட் த டோர் ஓபன்’) என்னும்போது இரு மொழிகளின் அமைப்பும் ஒன்றே என்பதையும் காட்டுங்கள். அங்கே அவர்களுடைய ‘கிரெய்ஹன்’ அப்படியே செல்லும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதிகம் தவறு நேர்வது பிறரைக்கொண்டு ஒரு வேலையைச் செய்விக்கும் இடத்தில்தான். டச்சில் ‘லாட்டன்’ அனுமதிப்பதையும் செய்விப்பதையும் குறிக்கும். அதனால் மாணவர்கள் ‘ஐ லெட் மை கார் ரிப்பேர்’ என்கிறார்கள். ஆங்கிலேயர் காதில் அது, காரே எதையோ பழுதுபார்க்க அனுமதித்ததாக விழும். ‘ஐ காட் மை கார் ரிப்பேர்டு’ என்பதே சரி. முடி வெட்டிக்கொள்வதை முதல் எடுத்துக்காட்டாகத் தர வேண்டாம் என்பது என் கருத்து: ‘கட்’ எந்தக் காலத்திலும் வடிவம் மாறாது, ஆகவே அங்கே ‘ரிப்பேர்டு’ போன்ற எச்சவடிவம் வந்திருப்பதே மாணவர் கண்ணில் படாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ‘ஐ ஹேவ் காட்’ என்பதை எங்கே வைப்பது?

மறுமொழி 1:
அதைத் தனியே வையுங்கள். அது பெரும்பாலும் ‘இக் ஹெப்’, அதாவது என்னிடம் இருக்கிறது என்பது மட்டுமே. அமெரிக்க ஆங்கிலம் பெற்றதற்கும் ஆனதற்கும் ‘காட்டன்’ என்ற வடிவத்தைத் தனியே வைத்திருப்பதால், அங்கே வேறுபாடு தெளிவாகத் தெரியும். பிரிட்டிஷ் வழக்கில் இரண்டுக்கும் ‘காட்’ வருவதால், முன்பின் வாக்கியங்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.