கோழிகள் எல்லாம் போய்விட்டன, உடனே உதவி வேண்டும்

பேராவூரணி_பாலா | ஞாயிறு, காலை 6.12
வணக்கம். காலையில் கூண்டைத் திறந்தால் ஏழு கோழிகள் போய்விட்டன. மீதி நான்கு மூலையில் ஒடுங்கி நிற்கின்றன, தீனி எடுக்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நாட்டுக்கோழி_ரவி | 6.20
வெள்ளைக்கழிச்சலாகத்தான் இருக்கும். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா, கழுத்து திருகிக்கொள்கிறதா என்று பாருங்கள். மிச்சம் இருக்கும் நான்கையும் உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தடுப்பூசி போட்டீர்களா? குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா, எட்டு வாரம் முடிந்தால் ஆர்2பி. அரசு கால்நடை மருந்தகத்திலேயே போடுகிறார்கள். இதை எத்தனை முறைதான் எழுதுவது.

செல்வி_தேனி | 6.31
தம்பி, "போய்விட்டன" என்றால் செத்துக் கிடக்கின்றனவா, காணவே இல்லையா? காணவில்லை என்றால் எந்த வீட்டில் குழம்பு மணக்கிறது என்று முதலில் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோயில் கொடையென்றால் முந்தின வாரமே சேவல்களை வீட்டுக்குள் கட்டிவைப்போம்.

பேராவூரணி_பாலா | 6.48
செத்துக் கிடக்கின்றன. நோய் இல்லை. கடித்திருக்கிறது. நேற்று சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்தன.

நாட்டுக்கோழி_ரவி | 6.50
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மூத்தவன்_கரூர் | 7.05
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. முப்பது வருடமாகப் பெருவிடைச் சேவல் வளர்க்கிறேன், ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கீரி. கழுத்தைக் கடித்து ரத்தத்தை உறிஞ்சிவிட்டு உடலைப் போட்டுவிட்டுப் போகும். சந்தேகமே வேண்டாம். இப்போது பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக் கூண்டு கட்டுகிறார்கள். பிறகு கைப்பேசியிலேயே வந்து அழுகிறார்கள்.

வயல்வெளி_கணேசன் | 7.11
எனக்குப் பெருச்சாளி என்று படுகிறது. கூண்டைச் சுற்றி வளை இருக்கிறதா? புதுமண் குவிந்திருக்கிறதா?

தோப்பு_முருகேசன் | 7.30
ஐயா, கொஞ்சம் பொறுங்கள். பகலா இரவா என்றே அவர் இன்னும் சொல்லவில்லை. பாலா, இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். கோழிகளை அடைத்தது எத்தனை மணிக்கு? காலையில் கதவு சாத்தியபடியே இருந்ததா? கடி எங்கே: கழுத்திலா, வயிற்றிலா, பின்பக்கத்திலா? எதையாவது தின்றிருக்கிறதா? ஏழும் கூண்டுக்குள்ளேயே கிடந்தனவா, இழுத்துப்போன தடம் உண்டா? கூரை எது, சுவர் எது, அடியில் என்ன? பெரிய கோழியா குஞ்சா? செத்தவற்றைப் புதைப்பதற்கு முன் படம் எடுத்துவையுங்கள். கோழியைக் கொன்றது எதுவென்று கோழியே சொல்லும்.

சிவகங்கை_மாணிக்கம் | 7.42
புதைப்பதா? ஏழு நாட்டுக்கோழி, இன்றைய விலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடு ஆறுவதற்குள் சுத்தம் செய்தால் வீணாகாதே.

செல்வி_தேனி | 7.45
எது கடித்தது என்றே தெரியாத கோழியைச் சமைப்பதா அண்ணா? காட்டு விலங்கின் வாய் பட்டது. எப்போது செத்தது என்றும் தெரியாது. இரண்டு மூன்று அடி ஆழத்தில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். மேலாகப் போட்டு மூடினால் நாய் தோண்டும். கடித்துப்போட்ட பிராணியும் மிச்சத்தைத் தேடி இரவில் திரும்ப வரும்.

பேராவூரணி_பாலா | 9.16
மன்னிக்கவும், இப்போதுதான் உட்கார்ந்தேன். எல்லாம் வளர்ந்த கோழிகள், சிறுவிடை இனம். ஆறரை மணிக்கு அடைத்தோம். காலையில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஆறு கோழிகளுக்குக் கழுத்தில் கடி, தின்னவில்லை. ஒன்றுக்கு மட்டும் வயிறு திறந்திருக்கிறது, குடல் இல்லை. மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், முன்பக்கம் கம்பி வலை, அடியில் சிமென்ட். கூரை தகரம். கஜா புயலில் மாட்டுக்கொட்டகை போனபோது மிஞ்சிய தகரத்தில் அப்பா போட்டது. வலை கிழியவில்லை. எப்படி உள்ளே வந்தது என்றுதான் புரியவில்லை. படம் ஐந்து இணைத்திருக்கிறேன்.

வயல்வெளி_கணேசன் | 9.20
சிமென்டில் விரிசல் இருந்தால் பெருச்சாளி நுழைந்துவிடும்.

தோப்பு_முருகேசன் | 9.41
கணேசன் அண்ணா, பெருச்சாளி குஞ்சைத் தூக்கும். முட்டையை உருட்டும். அடைக்கோழியைக்கூடப் பின்பக்கத்தில் கடிக்கும். ஆனால் ஏழு பெரிய கோழிகளை ஒரே இரவில் கழுத்தைக் கடித்துக் கொன்றுவிட்டுப் போகாது. நாயும் இல்லை. நாய் நுழைந்திருந்தால் வலை பிய்ந்திருக்கும், கொட்டகை முழுக்க இறகு பறந்திருக்கும். பாம்பு கொத்திப் போட்டிருந்தால் குடல் காணாமல் போகாது. சாரை முட்டையையோ குஞ்சையோ முழுசாக விழுங்கிவிட்டு, வயிறு புடைத்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மூத்தவன் ஐயா சொன்ன கீரியும் கழுத்தைத்தான் கடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீரி பகலில் வேட்டையாடும், இருட்டினால் வளைக்குள் போய்விடும். ரத்தம் உறிஞ்சும் என்பது பேச்சுக்குச் சொல்வது. கடித்த இடத்தில் ரத்தம் உள்ளேயே உறைந்துவிடுவதால் வெளியே அதிகம் தெரியாது, அவ்வளவுதான். இரவில் வந்து, ஒன்றின் குடலை மட்டும் தின்றுவிட்டுப் போனது என்றால் என் கணக்கில் மரநாய்.

நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரின் மேல்தட்டு முடிந்து தகரம் தொடங்கும் இடத்தில், தகரத்தின் மடிப்புக்கும் கல்லுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அது நிழல் இல்லை, திறப்பு. தகர விளிம்பில் சாம்பல் நிறமாக நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைவைத்து அளந்து சொல்லுங்கள்.

பேராவூரணி_பாலா | 10.02
காற்று வரட்டும் என்று அப்பா விட்டது. என் கையில் ஐந்து விரல் அகலம் இருக்கிறது. ஆனால் அது ஏழடி உயரத்தில் இருக்கிறதே?

செல்வி_தேனி | 10.06
அதற்கு ஏழடி ஒரு உயரமா? தென்னைமரம் ஏறுகிற பிராணி. தலை நுழைகிற சந்தில் உடம்பையும் நுழைத்துவிடும். கூரையைத் தொட்டுக்கொண்டு ஏதாவது கிளை இருக்கிறதா?

பேராவூரணி_பாலா | 10.09
முருங்கை இருக்கிறது. தகரத்தின் மேலேயே சாய்ந்திருக்கிறது. அம்மா வெட்டவிடுவதில்லை.

இன்னொன்று, சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. நான்கைந்து நாளாக நடுராத்திரியில் அம்மா எழுந்து, "இந்த நேரத்தில் யார் வீட்டில் சோறு வடிக்கிறார்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒருநாள் பாசுமதி அரிசி வேகிற மாதிரி வாசனை வந்தது. பக்கத்தில் வீடே கிடையாது.

தோப்பு_முருகேசன் | 10.13
பாலா! அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மரநாய் விட்டுப்போகிற வாசனை அது. பிரியாணிக்குப் போடுகிற ரம்பை இலையின் மணமும் அதே மாதிரிதான். நான்கைந்து நாளாக வந்து வேவு பார்த்திருக்கிறது. மதில் மேலோ கூரை மேலோ ஒரே இடத்தில் எச்சம் போட்டிருக்கும், பழக்கொட்டை நிறையக் கிடக்கும். போய்ப் பாருங்கள்.

மூத்தவன்_கரூர் | 10.40
மரநாய் பழம் தின்கிற பிராணி. பனையில் கட்டிய கலயத்தில் கள் குடிக்கும். பப்பாளி தின்னும். கோழி தின்னாது. சோற்று வாசனையை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிறீர்கள், நடக்கட்டும்.

செல்வி_தேனி | 10.44
பழமும் தின்னும் ஐயா, எலியும் தின்னும், வாய்ப்புக் கிடைத்தால் கோழியும் தின்னும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பழுத்த காப்பிப் பழத்தை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டுக் கொட்டையை வெளியேற்றும். அந்தக் கொட்டையைக் கழுவி வறுத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அதே மரநாய்தான் என் மாமியாரின் அடைக்கோழியையும் கொண்டுபோனது.

சிவகங்கை_மாணிக்கம் | 10.52
அது புனுகுப்பூனை இல்லையா? எங்கள் பக்கம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வோம்.

மூத்தவன்_கரூர் | 10.58
இரண்டும் வேறு. புனுகுப்பூனை பூனை, மரநாய் நாய். பெயரிலேயே இருக்கிறது.

தோப்பு_முருகேசன் | 11.10
வேறு என்பது சரி. புனுகுப்பூனைக்கு உடம்பில் வரிசையாகப் புள்ளி, வாலில் வளையம் வளையமாகப் பட்டை. பெரும்பாலும் தரையில் திரியும். மரநாய் கருஞ்சாம்பல், வாலில் வளையம் கிடையாது, மரத்தில் இருக்கும். ஆனால் இரண்டுமே நாயும் இல்லை, பூனையும் இல்லை, ஒரே தனிக் குடும்பம். உறவுமுறை பார்த்தால் மரநாய் நாயைவிடப் பூனைக்குத்தான் நெருக்கம். கீரியும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தான். நாய் என்று பெயர் வைத்தவர் தூரத்திலிருந்து மூஞ்சியை மட்டும் பார்த்திருப்பார்.

மூத்தவன்_கரூர் | 11.15
முன்னோர் வைத்த பெயரைத் திருத்த வந்துவிட்டார்கள். கீரியை உங்கள் பாட்டி பூனை என்றா சொன்னார்?

சிவகங்கை_மாணிக்கம் | 11.19
கேரளத்தில் இதை மரப்பட்டி என்கிறார்கள். அங்கேயும் பட்டி என்றால் நாய்தான். அப்படியானால் இரண்டு ஊர் முன்னோரும் சேர்ந்து தப்பு செய்திருக்கிறார்கள்.

நாட்டுக்கோழி_ரவி | 11.30
தமிழ் வகுப்பு முடிந்தால் அந்த நான்கு கோழிகளைக் கவனிக்கலாமா? பாலா, ஒவ்வொன்றாகப் பிடித்து இறகை விலக்கிப் பாருங்கள். சின்னப் பல் தடம் வெளியே தெரியாது, இரண்டு நாளில் சீழ் வைத்துவிடும். காயம் இருந்தால் மஞ்சள் கலந்த வெந்நீரில் கழுவிவிட்டு மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வையுங்கள். பயத்தில் சில நாள் முட்டையிடாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இன்று இரவு பஞ்சாரத்தில் கவிழ்த்து வீட்டுத் திண்ணைக்கு உள்ளே வையுங்கள். மேலே கல் வைக்க மறக்காதீர்கள்.

கம்பிவேலி_சுந்தர் | 12.04
நான் ஒரு வழி சொல்கிறேன். முட்டையில் சின்ன ஓட்டை போட்டு வாழைக்கு வைக்கிற குருணை மருந்தை உள்ளே விட்டு, கூரைமேல் வைத்துவிடுங்கள். ஒரே நாளில் கதை முடிந்தது. இல்லையென்றால் வலைக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுங்கள்.

செல்வி_தேனி | 12.09
பாலா, தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். அந்த முட்டையை முதலில் காக்கை தூக்கும், அடுத்தது உங்கள் நாய். எங்காவது விழுந்தால் குழந்தை எடுக்கும். வேலிக்கு வீட்டு மின்சாரம் கொடுத்து மனிதர்களே செத்திருக்கிறார்கள், வழக்கு வேறு. மரநாய், கீரி, உடும்பு எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொல்வதும் குற்றம், பொறி வைத்துப் பிடிப்பதும் குற்றம். ஒன்றைக் கொன்றாலும் சந்து அப்படியே இருந்தால் அடுத்தது வரும்.

கம்பிவேலி_சுந்தர் | 12.12
ஏழு கோழி போனவருக்குச் சட்டம் சொல்கிறீர்கள். நஷ்டத்தை அந்தச் சட்டம் கொடுக்குமா?

தோப்பு_முருகேசன் | 12.40
கொடுக்காது. அதனால்தான் அந்தத் திறப்பை அடைக்கச் சொல்கிறோம். கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் இருப்பதற்கு, வெளியிலிருந்து வருகிறதைத் தடுக்க அல்ல. கையால் இழுத்தாலே பிரிந்துவிடும். வெல்டு மெஷ் என்று கேட்டு, அரை அங்குலக் கண் உள்ளதாக வாங்குங்கள். காற்றும் வேண்டும் என்பதால் பலகை வேண்டாம். சுவர் உச்சியிலிருந்து தகரம் வரை வலையை மடித்து, சுவரில் திருகாணி போட்டு இறுக்குங்கள். ஆணி அடித்தால் ஒரு மழைக்காலத்தில் ஆடிவிடும். முன்பக்க வலையின் கீழ் விளிம்பையும் பாருங்கள். சிமென்ட் முடிகிற இடத்தில் மண் இருந்தால், வலையை வெளிப்பக்கமாக ஒரு அடி படுக்கவைத்து மேலே கல் அடுக்குங்கள். தோண்டுகிற விலங்கு சுவரோரமாகத்தான் தோண்டத் தொடங்கும், வலை தட்டினால் விட்டுவிடும். கணேசன் அண்ணாவின் பெருச்சாளிக்கும் அதுதான் மருந்து.

முருங்கைக் கிளை கூரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்காவது தள்ளி இருக்கட்டும். ஒட்டினாற்போல் தென்னை இருந்தால் எலிக்குச் சுற்றுகிற மாதிரி தகரம் சுற்றிவிடுங்கள்.

வயல்வெளி_கணேசன் | 12.44
நன்றி தம்பி. ஆனாலும் விரிசலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழி_ரவி | 12.51
சிவப்பு விளக்கு மின்னவிட்டால் வராது என்கிறார்களே, யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

செல்வி_தேனி | 13.02
போட்டேன். மூன்று இரவு வரவில்லை. நான்காம் இரவு விளக்குக்குக் கீழேயே எச்சம் போட்டிருந்தது.

சிவகங்கை_மாணிக்கம் | 13.20
கினிக்கோழி இரண்டு வளர்த்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

மூத்தவன்_கரூர் | 13.26
ஊர்தான் தூங்காது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, பரணில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கினிக்கோழி கத்தி நீங்கள் எழுந்து போவதற்குள் ஐந்து செத்திருக்கும். அடைத்த இடத்தில் படபடவென்று சிறகடிக்கிறதைப் பார்த்தால் கடிக்கிற பிராணிக்கு நிறுத்தத் தெரியாது. பசிக்கு ஒன்று, மற்றவை எல்லாம் வெறிக்கு. இதை மட்டும் முருகேசன் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். மற்றபடி பாலா, கூரையில் எச்சம் இருந்ததா இல்லையா? அதைச் சொன்னால் இழையை முடித்துக்கொள்ளலாம்.

தோப்பு_முருகேசன் | திங்கள், இரவு 8.15
பாலா, நேற்று இரவு எப்படிப் போனது?

செல்வி_தேனி | புதன், காலை 7.10
ஆளைக் காணோம். நான்கும் உயிரோடு இருக்கின்றனவா?

பேராவூரணி_பாலா | அடுத்த வெள்ளி, இரவு 9.37
மன்னிக்கவும், கைப்பேசியில் பணம் போடவில்லை. கூரைமேல் எச்சம் இருந்தது, நிறைய சப்போட்டாக் கொட்டை. வலை அடித்துவிட்டேன். கிளையை வெட்டியாயிற்று, அதற்காக அம்மா இன்னும் பேசவில்லை. முந்தாநாள் தகரத்தின் மேல் நடக்கிற சத்தம் கேட்டது, சோற்று வாசனையும் வந்தது. காலையில் நான்கும் இருந்தன. கொண்டைக்காரி இன்று முட்டையிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மூத்தவன்_கரூர் | 9.52
சப்போட்டாக் கொட்டை. நான் சொன்னேன் அல்லவா, பழம் தின்கிற பிராணி என்று.

தோப்பு_முருகேசன் | 9.58
வலை அரை அங்குலமா, ஒரு அங்குலமா? திருகாணிதானே போட்டீர்கள்?